கச்சான் காலத்துப் புல்நிலம்

பதுளையிலே கல்வி பயின்ற எவரும் புனித மாற்கு தேவாலயத்தை அறியாதிருக்க மாட்டார். 1857ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கட்டடம் மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது. அவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர்; தம் வாழ்நாளில் ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேற் சுட்டு வீழ்த்தினார் எனப் பேர் பெற்றவர்; 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தவர். பாடசாலைக் காலத்தில் நாம் அவ்வழியே செல்லும்போது இக்கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுண்டு. யானைகளின் சாபமே இடியாய் இறங்கிற்று என்று சொல்லி முடிப்பதே அக்காலத்து வழக்கம்.

அன்று யானை உலவிய மலைச் சரிவுகளில் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் படர்ந்தன. இன்று பதுளை மாவட்டத்து யானைகள் மகியங்கனை, ரிதிமாலியத்தை முதலிய தாழ்நிலப் பகுதிகளிலே உள்ளன. மொனராகலை மாவட்டத்திலோ அவை இல்லாத காட்டுப் புறம் அரிது. மலைமேற் தோட்டங்களில் எஞ்சியவை மரை, கேளையாடு, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, முயல், இவற்றைத் தேடிவரும் சிறுத்தை ஆகியனவே. மலைக்கும் தாழ்நிலத்துக்கும் பொதுவான துன்பம் ஒன்று உண்டு. ஆனி தொடங்கிப் புரட்டாதி வரையில் இவ்விலங்குகளுக்கு உண்ணப் பசும்புல் இல்லை. அக்காலத்திலேதான் அவை மனிதனின் தோட்டத்துக்கும் வயலுக்கும் சேமித்து வைத்த நெல்லுக்கும் வருகின்றன. அவ்வறட்சிக் காலத்துக்கென்று நிலத்தைப் பண்படுத்தித் தீவனம் வளர்ப்பது கூடுமா, கூடுமாயின் எவ்வாறு என்பதை விளக்குதலே எமது நோக்கம். விழா மலருக்குப் பழைய ஆசிரியர்களைப் பற்றி எழுதாமற் புல்லைப் பற்றி எழுதுகின்றார்களே என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். தோட்டங்களிலே எமது காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள் நாம். அறிந்ததைத்தானே எழுத முடியும்!

குளிர்நாடுகளில் இது புதிய செய்தி அன்று. வட அமெரிக்காவிலே மான்களுக்கெனச் சிறு நிலத்துண்டுகளைத் தெரிந்து, மண்ணைச் சோதித்து, சுண்ணாம்பிட்டு, கோடையின் இறுதியிலே டேர்னிப், ஓட்ஸ், றை முதலியவற்றை விதைப்பர். பனி வீழ்ந்து பிற பயிர்கள் மடிந்தபின், உறைபனியால் இனிப்பேறிய டேர்னிப் இலைகளை மான்கள் தேடிவந்து உண்ணும். அவ்வாறு விதைப்போரிற் பெரும்பாலோர் வேட்டைக்காரர் என்பதையும் மறைத்தற்கில்லை. அவர்களுடைய நோக்கம் எதுவாயினும், கணக்கு ஒன்று தெளிவாயுள்ளது. விலங்குக்குப் பஞ்சம் வரும் மாதத்தை முதலில் அறிந்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணியே விதைக்கும் நாளையும் மண் கொத்தும் நாளையும் குறிக்கின்றனர்.

அக்கணக்கை ஊவாவுக்கு மாற்றிப் பார்ப்போம். எமக்குப் பனி இல்லை, கச்சான் உண்டு. தென்மேற் பருவக்காற்று தன் மழையை மேற்கு மலைகளிலே கொட்டிவிட்டு, வெறுங் காற்றாய் அப்புத்தளைக் கணவாயைக் கடந்து எமது சரிவுகளில் இறங்குகின்றது. அவ்வறண்ட காற்றே ஜூலை தொடங்கிச் செப்டெம்பர் வரையில் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணத்தைத் தருகின்றது. தேயிலைக்கு மணமூட்டும் காற்றே பத்தனைப் புல்வெளிகளைச் சருகாக்குகின்றது. பெருமழை ஒக்டோபரில் தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்றுடன் ஜனவரி வரையில் நீடிக்கும். சித்திரையில் இடைப்பருவ மழை சிறிது பெய்யும். ஆகவே கச்சான் காலத்தில் வாய்க்கு எட்ட வேண்டிய புல், முந்திய ஐப்பசி மழையிலே வேரூன்றியிருத்தல் வேண்டும். ஐப்பசியில் நடுவதற்கு மண் ஆயத்தமாயிருக்க வேண்டுமாயின், அதற்கும் முந்திய சித்திரையிலே வேலை தொடங்கியிருத்தல் வேண்டும். இவ்வாண்டு கச்சானில் ஒரு மரை கடிக்கும் புல்லுக்குச் சென்ற ஆண்டு சித்திரையிலே மம்பட்டி எடுத்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள். ஆவணி மாதத்தில் முயல் பயிரை அழித்தபின் அலறி, புரட்டாதியில் விதை தேடி ஓடுவோர்க்கு அவ்வாண்டு எதுவும் கைகூடாது.

தாழ்நிலத்தில் இவ்வேலையை ஒரு காலத்தில் எவரும் திட்டமிடாமலே செய்து வந்தனர் என்பது வியப்புக்குரியது. சேனைப் பயிர்ச்செய்கையையே குறிப்பிடுகின்றோம். மொனராகலை, வெல்லவாய, புத்தளைப் பகுதிக் குடியானவர் வறட்சிக் காலத்திற் புதர்க்காட்டை வெட்டி எரிப்பர். ஐப்பசி மழையுடன் குரக்கன், சோளம், பயறு விதைப்பர். காவற்பரணில் இரவெல்லாம் விழித்திருந்து தை, மாசி, பங்குனிவரை காப்பர். அறுவடை முடிந்ததும் நிலத்தை விட்டு நீங்குவர். வெட்டி எரித்த மண்ணிலே சாம்பற் சத்து உண்டு. வெயில் விழும் வெளி உண்டு. ஆதலின் அங்கே புல்லும் இளந்தளிரும் கொடியும் செழித்து எழும். முதிர்ந்த காட்டினுள்ளே யானைக்கு எட்டும் உயரத்தில் அவ்வளவு உணவு கிடையாது. மனிதன் நீங்கிய சேனைக்குள் யானை வரும். அடுத்த மழைக்குமுன் அது நீங்க, மனிதன் வேறொரு துண்டை வெட்டத் தொடங்குவான். இலங்கை யானைகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்துவரும் கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ, யால வனத்தை அண்டிய பகுதிகளில் இம்முறைமையைக் கண்டு எழுதியுள்ளார். மழைக்காலத்தில் வனத்துள்ளும் வறட்சிக் காலத்திற் சேனைத் தரிசிலுமாக யானைகள் மாறி மாறி வாழ்ந்தன என்பதே அவர் கண்ட உண்மை.

சேனையைக் குறை கூறாத அறிஞர் எமது இளமைக் காலத்தில் இல்லை. காட்டை அழிப்பது, மண்ணை அரிப்பது, நாகரிகமற்றது என்றெல்லாம் வகுப்பறையிலே படித்தோம். அவற்றில் உண்மையும் உண்டு. மலைச்சரிவிற் சேனை வெட்டுதல் பெருந்தீங்கே. எனினும் சமநிலத்துச் சேனை விலங்குக்குத் தீவனக் கொல்லையாகவும் இருந்தது என்பதை எமக்கு எவரும் கற்பிக்கவில்லை. மகாவலித் துரித திட்டத்தின்கீழ் மகியங்கனைப் புறத்திலே நிலையான குடியேற்றங்கள் வந்தன. 1980களிலே புத்தளைக்கு அருகே பெல்வத்தையிற் கரும்பு வந்தது. நிலம் ஆண்டு முழுவதும் மனிதனுக்கே உரியதாயிற்று. தரிசு நீங்கிற்று, தரிசுடன் வறட்சிக் காலத் தீவனமும் நீங்கிற்று.

ஈடாக வனங்கள் ஒதுக்கப்பட்டன. 1972இல் உடவளவை, 1983இல் மாதுறு ஓயா ஆகியன தேசியப் பூங்காக்களாயின. ஆனால் யானையைக் காட்டுக்குள் துரத்தி மின்வேலியிட்டால் அது அங்கே உண்டு வாழும் என்று எண்ணியது பெருந்தவறாய் முடிந்தது. லுணுகம்வெகரையில் வேலிக்குள் அடைபட்ட யானைகள் எலும்புந் தோலுமாய் மெலிந்ததையும், குட்டிகள் மடிந்ததையும் பலர் படம்பிடித்துள்ளனர். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ பசுந்தீவனம் வேண்டும். வறட்சி மாதங்கள் நான்கெனக் கொண்டால் ஒரு யானைக்குப் பதினெட்டாயிரம் கிலோ! 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் யானைகள் 5,879. அவை வாழும் பரப்பிலே ஏறக்குறைய 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர். 2019ஆம் ஆண்டில் மாத்திரம் யானை மனித மோதலில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120 அளவிலான மனிதரும் மாண்டனர். புல்லைப் பற்றி எழுத ஏன் முற்பட்டோம் என்பதற்கு இவ்வெண்களே போதிய விடை.

இனி, செய்ம்முறைக்கு வருவோம். மலைத் தோட்டத்திலிருந்தே தொடங்குகின்றோம். ஏனெனில் அங்கே நாமே ஒரு தவறு செய்து பாடம் கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கைவிடப்பட்ட தேயிலை மலையொன்றின் அடிவாரத்தில் அரை ஏக்கரைக் கேட்டுப் பெற்றோம். லயத்து மக்களின் மரக்கறிப் பாத்திகளைக் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் தோண்டிப் பாழாக்குகின்றன என்று முறையிட்டனர். விலங்குக்கென்று தனியாக ஏதேனும் பயிரிட்டால் பாத்திகளை விட்டுவிடும் என எண்ணினோம். நீரோடைக்கு அருகே மண் நன்றாயிருந்த இடத்தைத் தெரிந்து, வற்றாளைக் கொடியும் சோளமும் நட்டோம். அவ்விடம் பாத்திகளிலிருந்து நூறு யார் தூரந்தான். பயிர் செழித்தது. பன்றி வந்தது; தனியே வரவில்லை, குட்டிகளோடு வந்தது. எமது வற்றாளையை ஒரு வாரத்திலே முடித்துவிட்டு, அடுத்த வாரம் போஞ்சியையும் உருளைக்கிழங்கையும் தேடி லயத்துக்குச் சென்றது. முன்னர் அரைப் பாத்தி இழந்தவர் அவ்வாண்டு முழுப் பாத்தியையும் இழந்தார். "ஐயாமார் நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, எங்களுக்கு இல்ல, பன்றிக்கு" என்று ஒரு மூதாட்டி சொன்னதை இன்றும் மறக்கவில்லை. சில நாட்களில் வேலியோரத்திற் சுருக்குக் கம்பிகள் முளைத்தன. பன்றிக்கு வைக்கும் சுருக்கிற் பன்றி மாத்திரமே விழும் என்பதில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று அவ்வாறே சிக்கி, மூன்று நாட்களில் இறந்ததை நாடே அறியும். எமது தோட்டத்தில் அத்தகைய எதுவும் நேர்வதற்கு முன் கம்பிகளைக் கழற்றுவித்து, நட்டவர்களுக்கு இழப்பும் கொடுத்தோம். கைப்பொருள் போயிற்று, வெட்கமும் மிகுந்தது.

அதிலிருந்து நாம் கற்றவை இரண்டு. ஒன்று, நல்ல மண்ணைத் தேடுவதற்கு முன் நல்ல இடத்தைத் தேடுதல் வேண்டும். தீவன நிலம் காட்டின் பக்கமாகவும், மனிதப் பயிர் அதற்கு எதிர்ப் பக்கமாகவும் இருத்தல் வேண்டும். இடையிலே அகன்ற தேயிலை மலையோ வெறுவெளியோ இருப்பது நன்று. பெருவழிக்கு அருகில் இருத்தலாகாது. இரண்டு, கிழங்கும் தானியமும் நடுதல் கூடாது. அவை பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் விருந்து. பன்றியோ உணவு மிகுந்தால் ஈற்றும் மிகும் விலங்கு. மரைக்கும் கேளையாட்டுக்கும் முயலுக்கும் வேண்டுவது புல்லும் இலையும். மனிதனின் பாத்தியில் இல்லாததையே விலங்கின் பாத்தியில் வைத்தல் வேண்டும். ஒரே சுவையை இரண்டிடத்திலும் வைத்தால் விலங்கு இரண்டிடத்துக்கும் வரும்.

இரண்டாம் முறை அதே தோட்டத்தின் மேல் எல்லையில், காட்டோரத்தில் கால் ஏக்கர் எடுத்தோம். மண்ணோ தேயிலையால் நெடுங்காலம் உறிஞ்சப்பட்ட மண். மேல்மண் கழுவுண்டு, சரளைக் கல் வெளியே தெரிந்தது. எமது மலைகளின் செம்மஞ்சள் பொட்சோலிக் மண் இயல்பாகவே அமிலத்தன்மை உடையது. தேயிலைக்கு அது உகந்தது; 4.5 முதல் 5.5 வரையான அமிலச் சுட்டெண்ணைத் தேயிலை விரும்பும். அவரையினச் செடிகளுக்கோ அது ஆகாது. அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழ்ந்து காற்றின் நைதரசனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்கள் கடும் அமில மண்ணில் நன்கு தொழிற்படா. ஆதலின் முதல் வேலை மண்ணைச் சோதிப்பித்தல். மேலேயுள்ள சருகை நீக்கி, ஆறங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, அதன் பக்கத்திலிருந்து ஒரு சீவல் மண் எடுத்து, இவ்வாறு நிலத்தின் பத்துப் பன்னிரண்டு இடங்களில் எடுத்தவற்றைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதிலிருந்து அரைக் கிலோ அனுப்பினாற் போதும். மாட்டெருக் குவியல் இருந்த இடத்திலும், பழைய சாம்பற் குழியிலும், கானுக்குள்ளும் மண் எடுத்தல் ஆகாது. அவை பொய் சொல்லும். ஊவாவுக்கென்று பசறையிலே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று இருப்பது தோட்டத்தவர்க்கு வாய்ப்பு.

சுண்ணாம்புக்குப் பதிலாக டொலமைட்டு இடுதலே தோட்ட வழக்கம். அதில் கல்சியத்துடன் மகனீசியமும் உண்டு. அது மெல்லக் கரையும் பொருள். இட்ட மறுநாளே விதைத்தாற் பயன் இல்லை. சித்திரை மழை மண்ணை நனைத்தபின் சோதனை கூறிய அளவைத் தூவி, முள்ளால் மண்ணைக் குத்திக் கலந்துவிட்டால், ஐப்பசிவரை அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

முள்ளுக் குத்துவதைப் பற்றி ஒரு சொல். மண்ணைப் புரட்டிப் போடுதல் வேண்டாம். முள்ளை ஆழ இறக்கிச் சற்றே நெம்பி இறுக்கத்தைத் தளர்த்தினாற் போதும். நீர் உள்ளே இறங்கவும் வேர் கீழே செல்லவும் அதுவே வழி. புரட்டிய மண் கச்சானிற் பறக்கும். எஞ்சியது ஐப்பசியில் ஓடும். ஆகவே குத்திய கையோடு மானாப் புல்லையும் சவுக்குத் தழையையும் சீமைக்கிளுவை இலையையும் கொண்டு மண்ணைத் தடிப்பாக மூடிவிட வேண்டும். ஆனி முதற் புரட்டாதிவரை அம்மூடாக்கு ஈரத்தைக் காக்கும். மழை வரும்போது துளியின் அடியைத் தான் ஏற்றுக்கொள்ளும்.

சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்து, கான் வெட்டுவதும் சித்திரை வேலைதான். கானின் இடையிடையே மண் தேங்கும் குழிகள் வைத்தால், வழிந்த மண்ணை மழைக்குப்பின் அள்ளி மேலே போடலாம். கான் ஓரமாகச் சீமைக்கிளுவைக் கம்புகளை நெருக்கமாக நட்டோம். அது வேலியும் ஆயிற்று, பசுந்தழையும் ஆயிற்று. சரிவு மிகவும் செங்குத்தாயின், அங்கே மம்பட்டி படவே கூடாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதை ஊவாவார் மறவார். அது ஆழத்தில் நேர்ந்த பெருஞ்சரிவு. கால் ஏக்கர் மண் கொத்துவதோடு ஒப்பிடத்தக்கது அன்று. எனினும் ஐப்பசி மழையின்போது எமது மலைகளின் மண் எவ்வளவு நீரைச் சுமந்து நிற்கின்றது என்பதை மனத்திற் கொண்டே எவரும் அங்கே கருவி எடுத்தல் வேண்டும்.

எதை நடுவது? கினிப் புல்லை நட வேண்டாம். விரைவில் வளரும், மாடு விரும்பும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் ஆபிரிக்காவிலிருந்து வந்த அப்புல் தானே பரவும் இயல்புடையது. பூத்தபின் தண்டு தடித்து விலங்குக்கும் ஆகாமற் போகும். கச்சானிற் காய்ந்து நிற்கையில் ஒரு பீடித் துண்டு போதும், மலை முழுவதும் எரியும். ஊவாவின் புல்வெளிகள் ஆண்டுதோறும் எரிவதைக் கண்டிருந்தும் காட்டோரத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பது அறிவுடைமை ஆகாது. நாம் நட்டது குவாத்தமாலாப் புல். பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன், மண் தேறுவதற்காக ஒன்றரை இரண்டாண்டுக்கு மானாவையோ குவாத்தமாலாவையோ வளர்த்து, வெட்டி வெட்டி அங்கேயே பரப்புவது தோட்டங்களின் நெடுநாள் வழக்கம். பெரிய கணக்குப்பிள்ளைமார் முதற் கொழுந்தெடுக்கும் பெண்கள்வரை அதை அறியாதவர் இல்லை. விதையால் எளிதிற் பரவாது. தண்டுத் துண்டாலேயே நடவேண்டும். ஆகவே வைத்த இடத்தில் நிற்கும். மண்ணைத் தேற்றும் புல்லே விலங்குக்கு இரையும் ஆவது இரட்டைப் பயன். வரிசைகளுக்கிடையே சித்திரை மழையிற் கொள்ளு விதைத்தோம். கொள்ளு வறட்சியைத் தாங்கும் பயிர். இலையை முயல் விரும்பும். வேர் மண்ணுக்கு நைதரசன் தரும்.

நட்டபின் மிக முக்கியமான வேலை அறுத்தல். இதைப் பலர் அறியார். மழைக்காலத்திற் புல் ஆளுயரம் வளரும். அப்போது காட்டிலும் உணவு உண்டு, எந்த விலங்கும் வராது. அப்படியே விட்டாற் கச்சான் தொடங்கும்போது புல் முதிர்ந்து வைக்கோலாய் நிற்கும். ஆகவே வைகாசி இறுதியில், மண்ணில் ஈரம் சிறிது எஞ்சியிருக்கும்போதே, முழங்காலுக்குக் கீழாக அறுத்து, அறுத்ததை வரிசைக்கிடையே பரப்பிவிட வேண்டும். அவ்வீரத்தைக்கொண்டு வரும் இளந்தளிரே கச்சான் காலத்துக்குரிய உணவு. நிலத்தைச் சுற்றி ஆறடி அகலத்துக்குச் செருக்கி வெறுந்தரையாக்கித் தீத்தடையும் அமைத்தல் வேண்டும்.

இனித் தாழ்நிலத்தைச் சிறிது பார்ப்போம். அங்கே மண்ணும் வேறு, அளவும் வேறு, உரிமையும் வேறு. யானைக்குக் கால் ஏக்கர் ஒரு நாளுக்கும் போதாது. தேசியப் பூங்காவினுள்ளே நிலத்தைத் தொடும் உரிமை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கே உண்டு. செங்கபில மண்ணோ தேயிலை மண்ணைப்போல் அமிலம் அன்று. பெரும்பாலும் டொலமைட்டு வேண்டியதில்லை. ஆனால் உலர்ந்தாற் கல், நனைந்தாற் பசை. முதல் மழைக்குப் பின் சில நாட்களே கொத்துவதற்கு ஏற்ற பதம். அப்பதத்தைத் தவறவிட்டவர் அப்போகத்தையே தவறவிட்டவர் என்று சேனைக்காரர் அறிவர்.

உடவளவை போன்ற இடங்களிலே பெரும் பகை உண்ணிச்செடி. சிங்களவர் கந்தபான என்பர். 1826ஆம் ஆண்டிற் பேராதனைப் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அச்செடி, நாடெங்கும் பரவிப் புல்வெளிகளை மூடிவிட்டது. யானை அதை உண்பதில்லை. அதன் கீழே புல் முளைப்பதும் இல்லை. மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆதலின் மழையில் மண் நெகிழ்ந்திருக்கும்போது வேரோடு பிடுங்கி, பழம் முதிருமுன் குவித்து உலர்த்தல் வேண்டும். பிடுங்கிய இடத்தை வெறுமையாய் விடவுங் கூடாது. விட்டால் அடுத்த மழையில் உண்ணியே முந்தும். புல்லை உடனே ஊன்றியாக வேண்டும். பிடுங்குவதற்குப் பணமும் ஆளும் கிடைத்து, மறுநடுகைக்கும் பராமரிப்புக்கும் கிடையாமற்போனால் முன்னைய செலவு வீண்.

குளங்களின் வற்றற் படுகை வேறொரு வகை. வறட்சியில் நீர் பின்வாங்கப் பின்வாங்க, சேறு படிந்த வளமான படுகையிற் பசும்புல் முளைத்துக்கொண்டே வரும். வட மத்திய மாகாணத்து மின்னேரியாவில் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது அப்புல்லுக்காகவே. அங்கே மனிதன் மண் கொத்த வேண்டியதில்லை. நீரை உரிய காலத்தில் வற்றவிட்டாற் போதும். வறட்சிக் காலத்திலும் குளத்தை நிரப்பி வைத்தாற் புல் நீருள் மூழ்கும். யானை வேறிடம் தேடும். நீர்ப்பாசனத்தார்க்கும் வனத்தார்க்கும் இடையே இதனால் மனக்குறை எழுவது இயல்பே. எமது மாகாணத்துக் குளங்களுக்கும் இதே இயற்கை உண்டு. எமது பொறியியலாளரிற் சிலராவது இதைப் படிப்பார்களாக.

எல்லாவற்றிலும் செலவு குறைந்த தீவன நிலம் அறுவடை முடிந்த வயலும் சேனையுந்தான். நிலையான வேலியைக் காட்டின் எல்லையில் இடுவதற்குப் பதிலாக, பயிரைச் சுற்றிப் பருவகால மின்வேலி இடும் முறை இப்போது நடைமுறையில் உள்ளது. விதைப்போடு ஊரவரே கூடி வேலியை நாட்டுவர், அறுவடையானதும் கழற்றுவர். அதன்பின் தாளும் களையும் யானைக்கு. முன்னைச் சேனைக்காரன் நீங்குவதும் யானை வருவதும் போன்றதே இது. காவற்பரணுக்குப் பதில் ஒரு கம்பி. 2020ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டமும் இவ்வழியையே முதன்மையாகக் கொண்டது. ஆனால் அறுவடைக்குப்பின் வேலியைக் கழற்ற மனம் வருவதில்லை என்பதே இடர்ப்பாடு. கட்டிய வேலியை எவர்தான் அவிழ்க்க விரும்புவார்!

கதிர்காம யாத்திரை செல்வோர்க்கும் ஒரு சொல். புத்தளையிலிருந்து கதிர்காமம் செல்லும் காட்டுவழியில் யானைகள் வீதியோரம் நின்று வாகனங்களை மறிப்பதைப் பலரும் கண்டிருப்பர். பிள்ளையாருக்கு இடுவதாக எண்ணி வாழைப்பழமும் கரும்பும் நீட்டும் அடியார் பலர். முற்காலத்தில் நாமும் நீட்டியவர்களே. அது தீவன நிலத்துக்கு நேர் எதிரானது. நிலத்தில் விளைந்ததை உண்ணும் யானை மனிதனை நினைப்பதில்லை. கையிலிருந்து உண்ணும் யானை அடுத்த வாகனத்தின் கண்ணாடிக்குள் துதிக்கையை விடும். அதன் முடிவு பெரும்பாலும் துவக்கோசையே.

எமது கால் ஏக்கரின் நிலையைக் கேட்போர்க்கு: முதலாங் கச்சானில் எதுவும் வரவில்லை. நண்பர் ஒருவர் அதைப் "பழைய மாணவர் புல்" என்று பெயரிட்டு எள்ளினார். இரண்டாவது கச்சானில், ஆடி நடுப்பகுதியில், தீத்தடைக்காகச் செருக்கிய வெறுந்தரையில் மரையின் குளம்படிகள் இரண்டு வரிசையாய்ப் பதிந்திருந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கொள்ளு வரிசையில் முயல் கடித்த தடம் முழுதும் இருந்தது. கீழே லயத்துப் பாத்திகளிற் பன்றி அவ்வாண்டும் வந்தது. அதற்கு எமது புல் மருந்தன்று, முள்வேலியும் காவலுமே மருந்து. இவ்வாண்டு சித்திரையில் அடுத்த கால் ஏக்கருக்கு மண் மாதிரி எடுத்தாயிற்று. டொலமைட்டு மூடைகள் பழைய கொழுந்து மடுவத்தில் அடுக்கியுள்ளன. கை கொடுக்க விரும்பும் பழைய மாணவர் புரட்டாதி இறுதிச் சனிக்கிழமையன்று முள்ளும் மம்பட்டியும் கொண்டு வருவார்களாயின், தண்டு நடுதலை ஒரு நாளிலே முடித்துவிடலாம்.